அராசெலியின் தொண்ணூறு வாரங்கள்

அராசெலி கிரிசாலெஸை வேலையிலிருந்து நீக்கிய கடிதத்தில் வயது என்ற சொல்லே கிடையாது. நிர்வாகச் சீரமைப்பு என்று இருந்தது. இருபத்துமூன்று ஆண்டு உழைப்புக்கு நன்றி என்று இருந்தது. சட்டப்படியான இழப்பீடு தரப்படும் என்று இருந்தது. கீழே டாக்டர் எஸ்தேபான் யானோவின் கையெழுத்து. அவர் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. டை கட்டிக்கொண்டு தனி அறையில் உட்கார்கிற யாரையும் நாங்கள் டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம்.

பெரெய்ரா நகரப் பேருந்து நிலையத்தில் மிராவாலே பஸ் கம்பெனிக்கு மூன்று டிக்கெட் ஜன்னல்கள். முதல் ஜன்னல் அராசெலியுடையது, இரண்டாவது என்னுடையது, மூன்றாவது அப்போது ஆளில்லாமல் மூடியிருந்தது. என் பெயர் மர்லெனி கத்தான்யோ. நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு இருந்தாலும் பதினைந்து வருடம் நாங்கள் ஒரே காப்பியைப் பாதிப் பாதியாகக் குடித்தவர்கள். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். நான் "நீங்க" என்பேன், ஆனால் மற்றவர்கள் மாதிரி பெயருக்கு முன்னால் "தோன்யா" என்ற மரியாதைச் சொல் போட்டதில்லை. அவர் என்னை "மகளே" என்பார். அவர் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார், மீசை வைத்த டிரைவர்களைக்கூட.

ஜன்னலுக்குப் பின்னால் அவர் உட்கார்ந்திருந்தால் மலை ஊர்களுக்குப் போகிறவர்கள் என் வரிசை காலியாக இருந்தாலும் அவர் வரிசையில்தான் நிற்பார்கள். கர்ப்பிணிகளுக்கு முன் இருக்கை. வாந்தி எடுக்கும் குழந்தைக்கு ஜன்னல் ஓரம், கூடவே ஒரு பிளாஸ்டிக் பை. கோழியோடு வருகிறவரிடம், "கோழிக்கும் டிக்கெட் வேணுமா, இல்ல மடியில வெச்சுக்கிறீங்களா?" என்பார். குடித்துவிட்டு வந்து கடன் டிக்கெட் கேட்பவனிடம், "உன் பொண்டாட்டி போன வாரம் இதே இடத்துல நின்னு அழுதா. வீட்டுக்கு நடந்து போ, தெளிஞ்சுரும்" என்பார். அவனும் தலையாட்டிக்கொண்டு போய்விடுவான்.

டாக்டர் யானோ முதலாளியின் மருமகன். முப்பத்துமூன்று வயது. வந்த மூன்றாவது வாரத்தில் எங்களை எல்லாம் கூட்டிவைத்துப் பேசினார். புதுச் சீருடை, புது நிறம், புது முகம். கடைசியில் எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "ஜன்னல்ல தெரியிற முகம்தான் கம்பெனியோட முகம். வெளியில இருந்து பார்த்தா இது டிக்கெட் ஜன்னலா, முதியோர் இல்லமான்னு எனக்கே சந்தேகம் வருது" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பெரிய சிரிப்பு இல்லை, உதட்டளவுதான். ஆனாலும் சிரித்தேன். அராசெலி மட்டும், "கண்ணாடியத் தொடச்சுப் பாருங்க டாக்டர், நாங்க அவ்ளோ கெழவிங்களா தெரிய மாட்டோம்" என்றார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை மூன்றாவது ஜன்னலின் கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. டிக்கெட் விற்பனைக்குப் பெண்கள் தேவை, வயது 18 முதல் 28 வரை, நல்ல தோற்றம் அவசியம். அந்த வெள்ளிக்கிழமை அராசெலிக்குக் கடிதம் வந்தது.

அவர் அழவில்லை. கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"தொண்ணூறு வாரம் மகளே. இன்னும் தொண்ணூறே வாரம்."

அவருக்கு அப்போது ஐம்பத்தைந்து. ஐம்பத்தேழில் பென்ஷன் வரவேண்டும். ஆனால் வயது மட்டும் போதாது, ஆயிரத்து முன்னூறு வாரம் சந்தா கட்டியிருக்கவேண்டும். இளவயதில் ஓர் உணவு விடுதியில் ஆறு வருடம் பாத்திரம் தேய்த்திருக்கிறார். அந்த முதலாளி ஒரு வாரத்துக்கும் சந்தா கட்டவில்லை. அதனால்தான் இந்தக் குறை. ஐம்பத்தைந்து வயதில் வேறு யார் வேலைக்கு எடுப்பார்கள்? பேருந்து நிலையத்தின் எல்லாக் கம்பெனி ஜன்னல்களிலும் அதே பதினெட்டு, அதே இருபத்தெட்டு.

அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிய பிறகு நான் என் ஜன்னலிலிருந்து எட்டி, அந்தத் தாளை என் போனில் படம் எடுத்தேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. அன்றைக்கு எனக்குக் கோபமாக இருந்தது. இந்தக் கதையில் நான் பெருமையாகச் சொல்லிக்கொள்ள அந்த ஒன்றுதான் இருக்கிறது. அதனால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் இருவரும் நீதிமன்றத்துக்கு எதிரே போனோம். அங்கே குடைக்குக் கீழே தட்டச்சு இயந்திரம் வைத்துக்கொண்டு மனு அடித்துக் கொடுப்பவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். துத்தேலா என்று ஒரு மனு உண்டு. அடிப்படை உரிமை பறிபோனது என்று யார் வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கலாம், வக்கீல் வேண்டாம், பத்து நாளில் நீதிபதி பதில் சொல்லியாகவேண்டும். தோன் எவெலியோ என்ற பெரியவர் எங்களுக்கு அடித்துக் கொடுத்தார்.

"வயசு எவ்ளோன்னு போடட்டும்?"

"உள்ளதப் போடுங்க. அம்பத்தஞ்சு."

"பொம்பளைங்க இந்த எடத்துல ரெண்டு வருஷம் கொறைப்பாங்க."

"எனக்கு ரெண்டு வருஷம் கூட்டுனாத்தான் லாபம், தோன் எவெலியோ. பென்ஷன் வந்துரும்."

அவர் சிரித்துவிட்டு என் போனில் இருந்த படத்தைக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "வேலைக்கு ஆள் எடுக்கறப்ப வயச நிபந்தனையாப் போடக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. சட்டம் வந்தும் வருஷக் கணக்காச்சு. எவன் கேக்குறான்? ஆனா பாருங்க, மத்தவன்லாம் மனசுக்குள்ள வெச்சுக்கிறான், உங்க டாக்டர் எழுதியே ஒட்டிட்டாரு. நல்ல மனுஷன்." பிறகு இயந்திரத்தில் தாளைச் செருகிக்கொண்டே கேட்டார்: "படம் எடுத்தது யாரு?"

"பேர் வேணாம்" என்றார் அராசெலி, நான் வாய் திறப்பதற்குள். "இவளுக்குப் பொண்ணு படிக்குது."

நீதிபதி ஒன்பதாம் நாளே தீர்ப்புச் சொன்னார். வயதைப் பார்த்து நீக்கியிருக்கிறார்கள் என்பதற்கு அந்த விளம்பரமே சாட்சி. பென்ஷனுக்கு இவ்வளவு அருகில் வந்த ஒருவரை இப்படித் தெருவில் விடவும் முடியாது. அதே வேலையிலோ அதற்குச் சமமான வேலையிலோ பென்ஷன் கைக்கு வரும்வரை அமர்த்தவேண்டும். கம்பெனி மேல்முறையீடு செய்து அதிலும் தோற்றது.

அவர் திரும்பி வந்த காலையை மறக்க முடியாது. புதுச் சீருடை, உதட்டுச் சாயம், தீர்ப்பின் நகல் பிளாஸ்டிக் உறைக்குள். கையில் சூடான பாண்டெபோனோ ரொட்டிகள் ஒரு பை நிறைய. எங்கள் கம்பெனிக்குப் பயணிகளைக் கூவி அழைக்கிற துபேர், நிலையமே அதிரக் கத்தினான்: "மனிசாலெஸ், மனிசாலெஸ், இப்பப் பொறப்படுது மனிசாலெஸ்! தோன்யா அராசெலி திரும்ப வந்தாச்சு, மனிசாலெஸ்!" மற்றக் கம்பெனி ஜன்னல்களில் இருந்தவர்கள்கூட எழுந்து கைதட்டினார்கள். நான் தடுப்பைச் சுற்றி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன்.

முதல் ஜன்னலில் ஜெசிகா என்ற இருபத்திரண்டு வயதுப் பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் பாவம், எழுந்து நின்றாள். அப்போது டாக்டர் யானோ வந்தார். அராசெலியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வாங்க தோன்யா. உங்களுக்கு ஒரு புதுப் பொறுப்பு வெச்சிருக்கேன்" என்றார்.

தீர்ப்பில் "அதற்குச் சமமான வேலை" என்று ஒரு சொல் இருந்ததல்லவா, அந்தச் சந்துக்குள் புகுந்துவிட்டார்கள். மூட்டைகள் வைக்கும் இடத்துக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை. கதவில் "ஆவணப் பிரிவு" என்று அச்சடித்து ஒட்டியிருந்தது. உள்ளே ஒரு மேசை, ஒரு நாற்காலி, சுவரில் ஒரு ஃபேன். ஆவணம் என்று ஒரு காகிதம்கூடக் கிடையாது. கம்ப்யூட்டர் இல்லை, போன் இல்லை. வேலை வரும்போது சொல்லி அனுப்புவோம் என்றார்கள். சம்பளம் குறையவில்லை, சந்தாவும் ஒழுங்காகக் கட்டினார்கள். சட்டம் கேட்டதை எல்லாம் கொடுத்தார்கள்.

முதல் வாரம் நான் தினமும் காப்பி எடுத்துக்கொண்டு போனேன். "இது வேலையா மகளே, ஜெயிலா?" என்பார். "சரி, ஜெயில்னே வெச்சுக்குவோம். தொண்ணூறு வாரம் உள்ள இருந்துட்டு வெளிய வந்தா பென்ஷன். கொலைகாரனுக்குக்கூட இப்படிக் கெடைக்காது." சிரிப்போம். வேலை இல்லாமல் உட்கார முடியாமல் சுவரில் படிந்த அழுக்கை எல்லாம் ஈரத்துணியால் துடைத்து வைத்திருந்தார்.

எட்டாம் நாள் டாக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"உக்காருங்க மர்லெனி. பொண்ணு எத்தனாவது செமஸ்டர்?"

"அஞ்சாவது, டாக்டர்."

"பல் மருத்துவம்தானே, மனிசாலெஸ்ல? செலவாகிற படிப்பு."

"ஆமா, டாக்டர்."

அவர் மேசையில் ஒரு தாள் கிடந்தது. நான் எடுத்த படம், வழக்குக் கட்டிலிருந்து எடுத்த நகல். "இந்தக் கண்ணாடியில ஒரு கை தெரியுது பாருங்க. மோதிரம்கூட நல்லாத் தெரியுது" என்றார். நான் கையை மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டேன். அவர் அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பினார்.

"எனக்குக் கோபம் எல்லாம் இல்ல. மூணு ஜன்னலுக்கும் ஒரு பொறுப்பாளர் போடலாம்னு இருக்கேன். அனுபவம் உள்ள ஆள் வேணும். உங்களுக்கு நாப்பத்தாறு இல்லையா? நல்ல வயசு." அந்தத் தாளை மடித்து வைத்தார். "அந்த ஆவணப் பிரிவுல உங்களுக்கு வேலை எதுவும் இல்லையே?"

"இல்ல, டாக்டர்."

அவ்வளவுதான். மிரட்டவில்லை, கத்தவில்லை. எதிலும் கையெழுத்து வாங்கவில்லை. ஒரே ஒரு "இல்ல" கேட்டார், கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாளிலிருந்து காப்பி எடுத்துப் போகவில்லை. ஊழியர்களின் கழிப்பறைக்கு அந்தக் கதவைத் தாண்டித்தான் போகவேண்டும். அதனால் பேருந்து நிலையத்தின் மறு கோடியில் பயணிகளுக்கான கட்டணக் கழிப்பறைக்குக் காசு கொடுத்துப் போக ஆரம்பித்தேன். காலையில் அவர் எங்களைத் தாண்டிப் போகும்போது, "குட் மார்னிங் பொண்ணுங்களா, தூங்குனீங்களா?" என்பார். ஜெசிகா என்னைப் பார்ப்பாள். நான் டிக்கெட் கட்டை எண்ணிக்கொண்டிருப்பேன். அவளும் எண்ண ஆரம்பிப்பாள். புதிதாக வந்த இன்னொரு பெண் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். ஒரு மாதத்தில் எங்களில் யாரும் அவரோடு பேசாமல் ஆனோம். யாரும் உத்தரவு போடவில்லை.

துபேர் மட்டும் போனான். பத்து மணிக்கு ஒரு காப்பி, நான்கு மணிக்கு ஒரு காப்பி. கதவைத் திறந்து வைத்துக்கொண்டே சத்தமாகப் பேசிவிட்டு வருவான். அவனைக் காலை வேளையிலிருந்து மாற்றி, பயணிகளே வராத பிற்பகல் வேளைக்குப் போட்டார்கள். ஆள் ஏற்றினால்தான் அவனுக்குக் கூலி. அப்போதும் போனான். அவனுக்கு என்ன, இழக்க ஒன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அவனுக்கு மூன்று பிள்ளைகள்.

அந்த மழைக்காலத்தில் அப்பியா ஊரைத் தாண்டி மலையில் மண் சரிந்து சாலை அடைபட்டது. எங்கள் பஸ் ஒன்று நாற்பது பேரோடு நடுவில் மாட்டிக்கொண்டது. ஜன்னலுக்கு வெளியே சொந்தக்காரர்களின் கூட்டம், எல்லாப் போனும் ஒரே நேரத்தில் அடிக்கிறது, ஜெசிகாவுக்கு அழுகை வந்துவிட்டது. நான் பொறுப்பாளர். எனக்குக் கை கால் ஓடவில்லை. அப்போது பின்னால் குரல் கேட்டது. அராசெலி வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"மகளே, அப்பியா பாதிரியாருக்குப் போன் போடு. போன தடவ கோயில் மண்டபத்தத் தொறந்து விட்டாரு, சூப்பும் போட்டாரு. நம்பர் எனக்கு மனப்பாடம், இதோ எழுதியிருக்கேன்."

ஜன்னலுக்கு மேலே கேமரா இருந்தது. அதில் விழுவது டாக்டரின் அறைத் திரையில் தெரியும். நான் திரும்பி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்:

"தோன்யா அராசெலி, தயவுசெஞ்சு உங்க ரூமுக்குப் போங்க. இங்க நாங்க பாத்துக்கிறோம்."

பதினைந்து வருடத்தில் நான் அவரை அப்படி, அவ்வளவு மரியாதையாக, கூப்பிட்டதே இல்லை.  அவர் கையில் நம்பர் எழுதிய துண்டுக் காகிதம் இருந்தது. அதை ஜெசிகாவின் மேசை ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார். அந்தக் காகிதத்தை நான் எடுக்கவில்லை. பயணிகள் மறுநாள் மதியம்வரை பஸ்ஸுக்குள்ளேயே கிடந்தார்கள், குழந்தைகளும் சேர்த்து. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அவர்கள் பசியோடு கிடக்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அராசெலி புகார் எழுதிக் கொடுத்தார். வேலையிடத்தில் ஒருவரைத் துன்புறுத்தினால் விசாரிக்க ஒவ்வொரு கம்பெனியிலும் ஒரு குழு இருக்கவேண்டும் என்பது சட்டம். பாதி நிர்வாகத்தின் ஆட்கள், பாதி தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்தவர்கள். தொழிலாளர் பக்கம் பஸ் மெக்கானிக் ஒருவர், இன்னொருவர் நான். இரண்டு வருடம் முன்பு வேறு யாரும் நிற்க முன்வராததால் அராசெலிதான் என் பெயரைச் சொல்லி, என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டிருந்தார்.

மெக்கானிக் அன்றைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டார். நிர்வாகத்தின் பக்கம் இரண்டு பேர். அராசெலி எங்கள் எதிரே உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பேசினார்.

"எனக்குச் சம்பளம் வருது, அதுல குறை சொல்ல மாட்டேன். ஆனா காலையில ஆறு மணிக்கு வந்து சாயங்காலம் வரைக்கும் செவுத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கேன். வேலை குடுங்கன்னு நாலு கடிதம் எழுதிட்டேன். பதில் இல்ல. குட் மார்னிங் சொன்னா யாரும் திருப்பிச் சொல்றதில்ல. நான் செத்துட்டேனான்னு எனக்கே சில சமயம் சந்தேகம் வருது. இருமிப் பாத்துக்கிறேன்."

நிர்வாகத்தின் பெண் என்னைப் பார்த்தாள். "நீங்க தொழிலாளர் பிரதிநிதி. தோன்யாவ யாராவது திட்டியோ அவமானப்படுத்தியோ பாத்திருக்கீங்களா?"

அந்தக் கேள்வியை எப்படிக் கேட்பார்கள் என்று முன்பே யோசித்து வைத்திருந்தேன். பொய் சொல்லக் கூடாது என்பதுதான் என் கவலையாக இருந்தது.

"இல்ல. யாரும் திட்டி நான் பாக்கல. அவங்களுக்குத் தனி ரூம் இருக்கு, மேசை, நாற்காலி இருக்கு. ஃபேன் இருக்கு. சம்பளம் நேரத்துக்கு வருது."

நிர்வாகப் பெண் அதை அப்படியே எழுதிக்கொண்டாள். துன்புறுத்தல் நிரூபிக்கப்படவில்லை என்று முடித்தார்கள். நான் கையெழுத்துப் போட்டேன்.

அராசெலி வெளியே நடைபாதையில் நின்றுகொண்டிருந்தார். என்ன கேட்பாரோ என்று தலையைக் குனிந்துகொண்டே வந்தேன். அவர் திட்டவில்லை.

"ஃபேன் ஓடல, மர்லெனி" என்றார். "ரெண்டு மாசமாச்சு. நீ உள்ள வராததால உனக்குத் தெரியல."

மகளே என்று சொல்லாமல் அவர் என் பெயரைச் சொன்னது அன்றைக்குத்தான்.

அன்று மாலையே ஆளை வைத்து ஃபேனைச் சரிசெய்தார்கள், அறிக்கையில் எழுதியாகிவிட்டதே. அராசெலி அதற்குப் பிறகும் நாலைந்து மாதம் வந்தார். உதட்டுச் சாயம் போடுவது நின்றது. முடிக்குச் சாயம் போடுவதும் நின்று, காதோரம் நரை வெளுத்து இறங்கியது. தனக்குத் தானே பேசுகிறார் என்று ஜெசிகா சொன்னாள். துபேரிடம் கேட்டேன், யாரும் பார்க்காத ஒரு மூலையில் நிறுத்தி. "பேசலக்கா, பாட்டுக்குப் பதிலா ஊர் பேரச் சொல்லிட்டு இருக்காங்க. மணிப்படி. ஆறு இருபது சாந்துவாரியோ, ஆறே முக்கால் அப்பியான்னு. மறந்துருமோன்னு பயமாம்" என்றான். பிறகு, "நீங்களே போய்க் கேட்டுருக்கலாமே, நாலு எட்டுதானே" என்று சொல்லிவிட்டுக் கூவப் போய்விட்டான்.

ஐம்பத்தெட்டாவது வாரத்தில் ராஜினாமா கொடுத்தார். இன்னும் முப்பத்திரண்டு வாரம் பாக்கி இருந்தது. கையால் எழுதிய நான்கு வரி. "என் சொந்த விருப்பத்தின்பேரில்" என்று எழுதியிருந்ததாக டாக்டரே எங்களுக்குப் படித்துக் காட்டினார். அராசெலியின் பொருள்கள் ஒரு அட்டைப் பெட்டியில் அடங்கிவிட்டன. துபேர் தூக்கிக்கொண்டு டாக்சிவரை போனான். நான் அப்போது பக்கத்து நகரமான அர்மேனியாவுக்குப் போகும் ஒரு குடும்பத்துக்கு ஐந்து டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தேன். இருக்கை எண்ணைத் தப்பாகப் போட்டு, ரத்து செய்து, திரும்பப் போட்டு, நிமிர்ந்தபோது டாக்சி போயிருந்தது.

இதெல்லாம் நடந்து பத்து வருடம் ஆகிறது. டாக்டர் யானோ வேறு தொழிலுக்குப் போய்விட்டார். என் மகள் மனிசாலெஸிலேயே பல் மருத்துவராக இருக்கிறாள். எனக்கு ஐம்பத்தாறு வயது, இன்னும் அதே இரண்டாவது ஜன்னல். இரண்டு வருடம் முன்பு புது மேலாளர் ஒருவர் வந்து ஜன்னலில் இளம் பெண்களை உட்காரவைக்கலாம் என்று பேச்செடுத்தார். கம்பெனி வக்கீல் உடனே, "வேணாம் டாக்டர். கிரிசாலெஸ் கேஸ் மாதிரி ஆயிடும். ரெண்டு கோர்ட்லயும் நாமதான் தோத்தோம்" என்றார். பேச்சு அத்தோடு நின்றது. நான் அந்த அறையில் காப்பிக் கோப்பைகளோடு இருந்தேன். கிரிசாலெஸ் யார் என்று அந்த மேலாளர் கேட்கவில்லை. வக்கீலும் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தோஸ்கெப்ராதாஸில் அவர் வீட்டைத் தேடிப் போனேன். முகவரி துபேர் கொடுத்தான். ஏன் இப்போது என்று அவன் கேட்கவில்லை.

அவரே கதவைத் திறந்தார். மெலிந்திருந்தார், முடி முழுக்க வெள்ளை, குட்டையாக வெட்டியிருந்தார். என்னை அடையாளம் தெரிய அவருக்கு நேரம் ஆகவில்லை. "உள்ள வா, வெயிலா இருக்கு" என்றார். வெல்லத் தண்ணீர் சூடாக்கி, ஒரு துண்டு சீஸோடு கொண்டுவந்து வைத்தார். ஒரு பள்ளிக்கூடத்தில் மதிய உணவு சமைத்து, தன் கைக்காசிலேயே சந்தா கட்டி, ஒரு வருடத்துக்குமேல் தாமதமாகப் பென்ஷன் வாங்கியதைச் சொன்னார். முட்டி வலி பற்றிச் சொன்னார். என் மகளைப் பற்றி விசாரித்தார். நான் வக்கீல் சொன்னதைச் சொன்னேன்.

"அப்ப என் கேஸ் உனக்கு உதவியிருக்கு. நல்லது" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"என்ன மன்னிச்சுருங்க."

"எதுக்கு இப்ப?"

"மனசு கேக்கல."

அவர் தன் கோப்பையில் சீஸை நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மென்று முடித்துவிட்டுச் சொன்னார்.

"நீ பயந்தேன்னு எனக்குத் தெரியும். பொண்ணு படிச்சிட்டிருந்தா. அந்தக் குழு முன்னால நீ சொன்னதுகூட, சரி, பயம்னு விட்டுட்டேன். நானா இருந்தாலும் என்ன செஞ்சிருப்பேனோ." கோப்பையைக் கீழே வைத்தார். "ஆனா ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா இருந்துது. டாக்டர் வாரத்துல ரெண்டு நாள் போகோதா போயிருவாரே. செவ்வாயும் புதனும். அந்த நாள்ல கேமராவப் பாக்கவும் ஆள் கெடையாது, உனக்கே தெரியும். அந்த நாள்ல ஏன் வரல?"

நான் யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன், ஏதாவது கிடைக்காதா என்று. செவ்வாய்க்கிழமைகள் எப்படி இருக்கும் என்று நினைவுக்கு வந்தது. டாக்டர் இல்லையென்றால் நாங்கள் பாட்டுப் போடுவோம். ஜெசிகா நகத்துக்குச் சாயம் பூசுவாள். நான் என் மகளோடு போனில் அரை மணி நேரம் பேசுவேன். அந்த நாட்களில் எனக்குப் பயம் என்று ஒன்றும் இருக்கவில்லை. அந்தக் கதவு என் நினைவிலேயே இருக்கவில்லை.

அதை அவரிடம் எப்படிச் சொல்வது? "தெரியல" என்றேன்.

"ம்" என்றார் அராசெலி. கோப்பைகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார். நான் துடைத்து வைக்கட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். 

வாசல்வரை வந்தார். பஸ் இப்போது மேட்டுத் தெருவில் நிற்பதில்லை, கீழே பெரிய சாலைக்குப் போய்த்தான் ஏறவேண்டும் என்று வழி சொன்னார். மறுபடி வா என்று சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் கிளம்பிப் போய், அந்தப் பெரிய சாலையில் இறங்கி, தெருமுனைவரை நடந்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறேன்.